பாலுக்குக் கால் போன கதை

எங்கள் கடைத்தெருவில் ஸ்டாம்ப் அக்காவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கைவேலை தெரியாதவர்கள் இருக்க முடியாது. பள்ளிக்கூடச் சான்றிதழில் ஊதா நிறத்தில் ‘தேர்ச்சி’ என்று சிரிப்பது அவள். நூலகப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ‘கிழிக்காதே’ என்று அதட்டுவதும் அவள்தான். ரப்பர் தகட்டில் எழுத்தை வெட்டி, மரக்கட்டையில் ஒட்டி, கைப்பிடி மாட்டி விற்கிறாள். ஆள் ஒல்லி. விரல் நுனியெல்லாம் ஊதா. தலை சொறிந்தால் தலையும் ஊதா.

அவளுடைய அப்பாவும் ரப்பர் ஸ்டாம்ப்காரர்தான். ரப்பரில் எழுத்தை இடவலம் திருப்பித்தான் வெட்ட வேண்டும்; அப்போதுதான் தாளில் நேராக விழும். அக்கா நடை பழகியது அப்பாவின் பட்டறையில் என்பதால், அவள் கண்ணில் முதலில் பட்ட எழுத்தெல்லாம் திரும்பிய எழுத்து. பள்ளிக்கூடத்திலும் அப்படியே எழுதித் தள்ளினாள். அவள் விடைத்தாளைத் திருத்துவதற்கென்றே டீச்சர் கைப்பையில் கண்ணாடி வைத்திருந்தார். ‘இந்தக் குழந்தையால் எனக்கு ஒரு நன்மை, தினமும் தலைமுடி கலையாமல் இருக்கிறது’ என்று அந்த அம்மா சொன்னதாகக் கேள்வி. இன்றைக்கும் அக்காவுக்கு ஒரு கடைப்பெயரைச் சட்டென்று படிக்க வேண்டுமானால், பக்கத்து முடிவெட்டும் கடைக் கண்ணாடியில்தான் பார்ப்பாள்.

அப்பாவிடம் அவள் கற்ற முக்கியமான பாடம் ஒன்று உண்டு. தமிழ் எழுத்துக்கு உடம்பு இருக்கிறது. ‘கா’வுக்குக் கால், ‘கெ’வுக்குக் கொம்பு, ‘கி’க்கு மேலே சுழி, ‘க்’குக்குத் தலையில் புள்ளி. குழந்தை பிறந்தவுடன் கைவிரலையும் கால்விரலையும் எண்ணிப் பார்க்கிறோமே, அதைப் போல ஸ்டாம்ப் பிறந்தவுடன் அவள் உறுப்பெல்லாம் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். ‘கால் சரி, கொம்பு சரி, சுழி சரி, புள்ளி சரி’ என்று முணுமுணுத்து முடித்த பிறகுதான் ஸ்டாம்ப் கடையை விட்டு வெளியே போகும்.

இந்தக் கால் விஷயத்தில்தான் அவளுக்கும் அண்ணனுக்கும் முட்டிக்கொண்டது.

அப்பாவுக்குப் பிறகு கடை அண்ணன் கைக்குப் போனது. அண்ணன் பருமனான ஆள், கனத்த குரல், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. வெட்டுவதெல்லாம் அவர். தங்கைக்கு மூலையில் ஒரு முக்காலி. வெட்டிய ரப்பரைக் கட்டையில் பசை தடவி ஒட்டுகிற வேலை. ஒரு நாள் மாவு மில்லுக்கு ஒரு ஸ்டாம்ப். மூட்டையில் குத்துவதற்கு. ‘முதல் தரம்’ என்று இருக்க வேண்டும். பசை தடவ எடுத்த அக்கா வழக்கம்போல உறுப்பு எண்ணினாள். ஒரு கால் கூடுதலாக இருந்தது.

“அண்ணே, இது ‘முதல் தாரம்’னு இருக்கு.”

“கால்தானே? ஒண்ணு கூட இருந்தா மூட்டை கீழ விழாம நிக்கும். ஒட்டு!”

ஒட்டினாள். ஊரிலுள்ள மாவு மூட்டையெல்லாம் ‘முதல் தாரம்’ ஆனது. மில்காரரின் மனைவி கிடங்குக்குள் வந்தார், மூட்டை மூட்டையாகப் படித்தார், “அப்ப ரெண்டாவது யாரு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மில்காரர் பதில் சொல்லி முடிக்கும்வரை வீட்டுக்கு வெளியே, மூட்டைகளின் மேல்தான் படுத்தார். அவர் சண்டைக்கு வந்தபோது அண்ணன் கொஞ்சமும் கூசாமல் தங்கையைக் கைகாட்டினார். “இவதான் ஒட்டினா. ஒட்டும்போது ஒரு கால் சேர்ந்திருக்கும்.”

அன்றே அக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். நேர் எதிரே ஒரு சின்னக் கடை பிடித்தாள். வாசலில் ஒரு பலகை: ‘எங்கள் ஸ்டாம்பில் பிழை காட்டினால் இந்தப் பலகையைக் கழற்றுகிறோம்.’

அண்ணன் தெருவின் நடுவே நின்று, போகிற வருகிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். “ஒரே ஒரு தப்பு கண்ணுல படட்டும்! பலகையைக் கழற்றி, திரும்ப என் கடை மூலையில வந்து பசை தடவணும். சம்மதமா?”

“சம்மதம். முக்காலியோட வர்றேன்.”

அன்றிலிருந்து அண்ணனுக்கு அதுதான் வேலை. அக்காவிடம் ஸ்டாம்ப் வாங்கி யார் தெருவைக் கடந்தாலும் மறித்துப் பூதக்கண்ணாடியைத் தூக்குவார். அப்புறம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். வருஷங்கள் ஓடின. பிழை அகப்படவில்லை. அவர் கண்ணைச் சுற்றிப் பூதக்கண்ணாடியின் வட்டம் மட்டும் தழும்பாகிப் போனது.

இதற்கு நடுவில் அக்காவுக்கு டெய்லரோடு கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. கீழே இரண்டு பல், மேலே இரண்டு பல் முளைத்த நாளிலிருந்து அதற்கு அணில் என்று பெயர். வைத்த பெயர் வேறு ஏதோ இருந்தது. அந்தத் தாளையும் அது கடித்துவிட்டது.

அணில் கடிக்காத பொருளைச் சொல்லச் சொன்னால் எனக்குச் சாப்பாடு ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. செருப்பு, குடைப்பிடி, ரேடியோவின் திருகு, நாட்காட்டியின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின. நாற்காலியின் ஒரு காலைக் கொறித்துக் கொறித்துக் குட்டையாக்கியதில், அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தே பேசினார்கள். இவர் நம்மிடம் ரகசியம் சொல்ல வருகிறார் போலிருக்கிறது என்று அடுத்தவரும் சாய்ந்தார். கடிப்பதற்கென்றே விற்கிற ரப்பர் வளையம் ஒன்றை டெய்லர் வாங்கி வந்தார். அதை முகர்ந்து பார்த்துத் தூர எறிந்துவிட்டு, அது வந்த அட்டைப்பெட்டியைத் தின்றது.

டெய்லரின் அளவு நாடாவில் முதல் இரண்டு அங்குலத்தை அது கடித்து எடுத்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. நாடாவின் நுனியிலிருந்தே அளந்தார். ஒவ்வோர் இடுப்புக்கும் இரண்டு அங்குலம் கூடுதலாகத் துணி போனது. தைத்து வாங்கிய கால்சட்டை தொளதொளவென்று இருப்பதைப் பார்த்த ஊர், தான் இளைத்துவிட்டதாக எண்ணிக் கொண்டாடியது. பூங்காவில் நடக்கிறவர்கள் நடப்பதை நிறுத்தினார்கள். உண்மை தெரிந்தபோது எல்லோரும் அந்தக் கால்சட்டைக்குச் சரியாக வளர்ந்திருந்தார்கள்.

கடையிலிருந்த ஸ்டாம்ப் கைப்பிடிகளில் அணிலின் பல் படாதது இல்லை. வாங்குகிறவர்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை. கைப்பிடியில் பல் தடம் இருந்தால் அது அக்கா கடைச் சரக்கு, இல்லாவிட்டால் போலி என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் பெற்றவளுக்குப் பயம் இருக்காதா? குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“இந்த வயசுல வாய்தாம்மா இவங்களுக்குக் கையும் கண்ணும். கடிச்சுப் பார்த்தாத்தான் பொருள் என்னன்னு புரியும். பல் முளைக்கிறப்ப ஈறும் குறுகுறுங்கும். திட்டாதீங்க. தொண்டையில சிக்குற மாதிரி சின்னச் சாமான் எதையும் கைக்கு எட்டுற இடத்துல வைக்காதீங்க, அவ்வளவுதான். ஆமா… என்ன இது, இதயத்துல சவக் சவக்னு சத்தம் வருது?”

“டாக்டர், அந்த வட்டம் அவ வாயில இருக்கு.”

“அதானே பார்த்தேன்.”

அன்றே அக்கா சின்னச் சாமான்களை எல்லாம் மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டாள். அவள் கடையும் வீடும் துடைத்துவிட்டாற்போல் ஆயின. அப்படியும் ஒரு புதிர் பாக்கி இருந்தது. மதியம் அண்ணி வந்து குழந்தையைத் தூக்கிப் போவாள். அண்ணனுக்கும் தங்கைக்கும்தான் பேச்சில்லையே தவிர, அண்ணிக்கு அந்த வழக்கில் சம்பந்தமில்லை. “நான் வீட்டுல வச்சுப் பார்த்துக்கிறேன், நீ வேலையப் பாரு” என்பாள். சாயங்காலம் குழந்தை திரும்பி வரும்போது சட்டையில் ஒரு பொத்தான் இருக்காது. காலுறையின் குஞ்சம் இருக்காது. வாயைத் திறந்து பார்த்தால் காலி. தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் சிரிப்புதான் விழும்.

“ஏன் அண்ணி, பொத்தான் எங்க?”

“வெளியதான் எடுத்தாச்சு. பத்திரமா இருக்கு.”

எங்கே பத்திரமாக என்று அண்ணி சொன்னதில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலையில் பால் பண்ணைக்காரர் வந்தார். அவர் மீசை, பால்நுரை ஒட்டியது போலவே நரைத்திருக்கும். பாட்டிலில் ஒட்டுகிற தாளுக்கு ஒரு ஸ்டாம்ப் வேண்டும் என்றார். ‘தூய பால். குழந்தைகளுக்கு ஏற்றது.’ பால் என்கிற சொல் மட்டும் பெரிதாக, தெருமுனையிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும்.

அக்கா பார்த்துப் பார்த்து வெட்டினாள். பெரிய எழுத்து ஆதலால் ஆழமாக வெட்டினாள். ‘ப’வுக்கும் ‘ல்’லுக்கும் நடுவில் அந்தக் கால் தனியே நிமிர்ந்து நின்றது. மதியம் அவர் வந்ததும் கண்ணெதிரே உறுப்பு எண்ணினாள். “கால் சரி, கொம்பு சரி, புள்ளி சரி.” மையில் ஒற்றி ஒரு தாளில் குத்தினாள். அவரும் எழுத்துக்கூட்டிப் படித்துத் திருப்திப்பட்டார். ஸ்டாம்பையும் தாளையும் எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலப் பால் வீடு வீடாகப் போனது. பாட்டில் ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் கொட்டை எழுத்து:

‘தூய பல். குழந்தைகளுக்கு ஏற்றது.’

ஒரு வீட்டில் அம்மா பாட்டிலைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள், கலகலவென்று சத்தம் வருகிறதா என்று. ஓய்வுபெற்ற தபால்காரர், பொக்கைவாய், தடியை ஊன்றிக்கொண்டு நேரே பண்ணைக்கே போய்விட்டார். “எனக்குக் கீழ் வரிசை மட்டும் போதும். மாட்டுப் பல்லா இருந்தாலும் பரவாயில்ல, சமாளிச்சுக்கிறேன்.” அவருக்குப் பின்னாலேயே பல் மருத்துவர் வந்தார், கையுறையைக் கழற்றக்கூட இல்லை.

“நான் என் கிளினிக்ல என்னைக்காவது பால் கறந்தேனா?”

“இல்லீங்களே டாக்டர்.”

“அப்புறம் நீ எதுக்குய்யா பல் விக்கிற?”

பண்ணைக்காரர் அப்போதுதான் தாளைப் பார்த்தார். மீசை நுரை வற்றியது. ஸ்டாம்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினார். அவர் வந்து சேர்வதற்குள் அண்ணன் கையிலும் ஒரு பாட்டில் இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தவர் சும்மா வருவாரா? முடிவெட்டும் கடையிலிருந்து பாதி முடி வெட்டிய ஆட்கள், மாவு மில்காரர், பல் மருத்துவர், தபால்காரர் எல்லோரும் பின்னால் வர, ஊர்வலம்போல் தங்கை கடைக்கு வந்தார்.

“அம்மா தாயே, இதைக் கொஞ்சம் படி.”

அக்கா படித்தாள். முகம் வெளுத்தது. “நான் வெட்டினது ‘பால்’. எண்ணிப் பார்த்தேன்…”

“எண்ணினியா? கால் எங்க? நடந்து போயிடுச்சா?”

கூட்டம் சிரித்தது. தபால்காரர் மட்டும், “அப்ப பல் இல்லையா?” என்று வருத்தமாகக் கேட்டார்.

அக்கா பண்ணைக்காரரிடமிருந்து ஸ்டாம்பை வாங்கிப் பார்த்தாள். ‘ப’ இருந்தது, ‘ல்’ இருந்தது. நடுவில் கால் இருந்த இடத்தில் ஒரு குழி. குழியின் இரு பக்கமும் சின்னச் சின்னதாய் இரண்டு தடம். பல் மருத்துவர் எட்டிப் பார்த்தார். அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அடேயப்பா, வேரோட புடுங்கியிருக்கு! பக்கத்து எழுத்து ஆடக்கூட இல்ல. எனக்கே இவ்வளவு சுத்தமா வராது.”

“இது கத்தி இல்ல, அண்ணே. பால்பல்லு,” என்றாள் அக்கா.

“யாரோட பால்பல்லு? உன் பொண்ணோடது! குழந்தை உன்னோடது, கடை உன்னோடது, தப்பும் உன்னோடது. சொன்ன சொல்லு என்ன ஆச்சு?”

குழந்தைக்கு எப்படி எட்டியது, எப்போது எட்டியது என்று புரியவில்லை. ஆனால் ஊரறியச் சொன்ன சொல் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பிடுங்கிய அந்த ரப்பர்க் கால் இப்போது யார் வயிற்றில்?

“குழந்தை எங்க அண்ணி?” என்றாள்.

“இங்கதான் இருக்கா,” என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல். “நல்லாத்தான் இருக்கா. நீ கவலைப்படாத.” அண்ணி ஏனோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள், கையில் ஸ்க்ரூ டிரைவர். பலகையின் முதல் திருகு கழன்று விழுந்தது. அண்ணன் கீழே நின்று, பலகையை வாங்கிக்கொள்ள இரு கையையும் நீட்டி, முகத்தை நிமிர்த்தினார். இரண்டாவது திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்த அக்கா அவரைக் குனிந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

“அண்ணே, உன் கன்னத்துல கால் இருக்கு.”

“யாரோட கால்?”

“பாலோட கால்.”

இருந்தது. இடது காதுக்குக் கீழே, அவர் கண்ணுக்கு எந்தக் கண்ணாடியிலும் எளிதில் அகப்படாத இடத்தில், ஊதா நிறத்தில் ஒரு கால். சுத்தமான அச்சு, நேராக விழுந்திருந்தது. அவரோடு ஊர்வலம் வந்தவர்கள் எல்லோரும் வழி நெடுக அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். புதுசாகப் பச்சை குத்திக்கொண்டார் போலும் என்று மரியாதைக்காகக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள்.

அப்போது அண்ணியின் இடுப்பிலிருந்து அணில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அண்ணனிடம் தாவியது. “மமா!”

பேச்சிலும் அது காலைத் தின்றுவிடும். மாமாதான் மமா.

அண்ணன் கையில் விழுந்த அடுத்த நொடி, பழகிய இடம்போல, அவருடைய சட்டைப்பைக்குள் கையை விட்டது. ஒரு பொத்தான் வந்தது. பிறகு காலுறைக் குஞ்சம். கார்க் ஒன்று, சாக்பீஸ் துண்டு ஒன்று, டெய்லரின் அளவு நாடாவின் மென்ற நுனி. கடைசியாக, ஊதா மை அப்பிய ஒரு ரப்பர்க் கால்.

அக்காவுக்கு முதலில் மூச்சு வந்தது. பிறகுதான் கோபம் வந்தது.

“அண்ணி! மதியமெல்லாம் வீட்டுல வச்சுப் பார்த்துக்கிறேன்னு சொன்னீங்க?”

“நான் எங்க பார்த்தேன்? உங்க அண்ணன் வாசல்லயே வந்து பிடுங்கிக்கிறார். ‘எதிரி கடைக் குழந்தைய நான் கொஞ்சுறேன்னு யாருக்கும் சொல்லாதடி’ன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிக்கிட்டார். கடையோட உள்பக்கம் மடியில வச்சுக்கிட்டு, அது வாயில போடுறதையெல்லாம் விரலை விட்டு எடுத்து எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிறார். நான் சட்டை துவைக்கிறப்ப ஒரு கடையே வைக்கலாம்.”

பண்ணைக்காரர் தொண்டையைக் கனைத்தார். “நானும் ஒண்ணு சொல்லிடுறேன். நான் நேரா பண்ணைக்குப் போகல. இவர்தான் வழியில மறிச்சு, கடைக்குள்ள கூட்டிட்டுப் போய், தப்பு இருக்கான்னு பார்க்கணும்னு ஸ்டாம்பை வாங்கினார். அப்ப குழந்தை மடியிலதான் இருந்துச்சு. இவர் தாளைப் பூதக்கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருந்தார், இருந்தார்… ஸ்டாம்பு மேசையில இருந்துச்சு. குழந்தை எதையோ இவர் கன்னத்துல ஒத்துச்சு, வாயில போட்டுச்சு, இவர் பார்க்காமலே விரலை விட்டு எடுத்துப் பையில போட்டுக்கிட்டார்.”

“பார்த்து என்ன சொன்னார்?” என்றாள் அக்கா மேலிருந்து.

“என்ன சொல்றது?” என்று அண்ணனே கொதித்துப்போய்ச் சொன்னார். “ஒரு தப்பும் இல்லன்னு திருப்பிக் கொடுத்தேன்!”

சொல்லி முடித்துத்தான் தன் காதில் தானே கேட்டார். கடைத்தெரு முழுவதும் கேட்டிருந்தது.

அக்கா பலகையின் கழன்ற முனையைத் தூக்கிப் பிடித்தாள். “கீழ ஒரு திருகு கிடக்கு, எடுத்துக் கொடு அண்ணே,” என்றாள். அண்ணன் குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு தேடினார். திருகு அகப்படவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் அணிலின் வாயைப் பார்த்தார்கள். அண்ணன் பழக்கப்பட்ட விரலை விட்டார், திருகு வரவில்லை. அது மாவு மில்காரரின் செருப்புக்கு அடியில் இருந்தது. ‘இந்த ஒரு தடவைதான் அந்தக் குழந்தை நிரபராதி’ என்று டெய்லர் பிற்பாடு சொல்வார்.

பலகை ஏறிவிட்டது. கூட்டம் கலைந்தது, தபால்காரரைப் பல் மருத்துவர் கையோடு அழைத்துக்கொண்டு போனார். பண்ணைக்காரர் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். விடிந்தால் பால் போக வேண்டும்.

“புதுசா வெட்ட நேரம் ஆகும்,” என்றாள் அக்கா. “பழைய காலையே ஒட்டிடலாம். அவ கடிச்சாளே தவிர, மெல்லல.”

அவள் பசைக் குப்பியை எடுப்பதற்குள் அண்ணன் அதை எடுத்துவிட்டார். யாரையும் பார்க்காமல் போய் அந்த முக்காலியில் உட்கார்ந்தார். அது அவர் கடையிலிருந்து போன முக்காலிதான். அவர் உட்கார்ந்ததும் முனகியது. மடியில் அணில்.

“பசை நான் தடவுறேன். நீ சரியா இருக்கான்னு மட்டும் பாரு.”

“அன்னைக்கு நான் பார்த்துச் சொன்னேனே, கேட்டியா?”

அண்ணன் அந்த ரப்பர்க் காலில் பசை தடவினார். ரொம்ப நேரம் தடவினார். “அந்த மில்காரர் இப்பவும் சில நாள் மூட்டை மேலதான் படுக்கிறாராம்,” என்றார் கடைசியில். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, அக்காவும் எதிர்பார்க்கவில்லை. ஒட்டிய ஸ்டாம்பை வாங்கி, விரலால் தொட்டு எண்ணினாள்.

“கொம்பு சரி, புள்ளி சரி. கால்… கொஞ்சம் கோணல். ஆனா சரி.”

அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பால் பாட்டிலில் ‘பால்’ என்ற சொல்லை உற்றுப் பார்த்தால், அதன் காலில் இரண்டு சின்னப் பள்ளம் தெரியும், முட்டி மடங்கினாற்போல. இப்போதெல்லாம் மதியம் அண்ணியின் தயவு தேவைப்படுவதில்லை. அண்ணனே தெருவைக் கடந்து வந்து, தங்கையின் கடை மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவள் வெட்டியதை எல்லாம் பிழை பார்க்கிறார். வெறும் கண்ணால்தான். பூதக்கண்ணாடியின் கைப்பிடியை அணில் தின்றுவிட்டது.